செங்கல்பட்டுக்குப் போன தாய்மாமன்

1

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கி இன்றோடு மூன்று வாரம் ஆகிறது. நீக்கியவர் என் தங்கை கலாவின் கணவர் ஆறுமுகம். மாமல்லபுரத்துக்கு வடக்கே எங்கள் குப்பத்தில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவர். அந்தக் குழுவைத் தொடங்கியவன் நான். ஒவ்வொருவராகச் சேர்த்தவன் நான். ஆறுமுகத்துக்கு அட்மின் பொறுப்பைக் கொடுத்தவனும் நான்தான். அந்தப் பொறுப்பை வைத்தே என்னை வெளியே தள்ளிவிட்டார்.

முப்பது வருடமாக ஜெர்மனியில் இருக்கிறேன். ஒரு சின்ன ஊரில், காகித ஆலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை. லீவு முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், கூட வேலை செய்கிறவர்கள் கேட்டார்கள், ஊர் எப்படி இருந்தது என்று. நல்ல வெயில் என்றேன். அவர்களுக்கு அது போதும். வேறு என்ன சொல்ல? தாய்மாமன் என்ற சொல்லே இவர்களிடம் கிடையாது. சித்தப்பா, பெரியப்பா, மாமா எல்லாரும் 'ஓங்கல்'தான். அந்த ஓங்கலுக்குப் பிறந்தநாளன்று சாக்லேட் வாங்கி வருவதைத் தவிர ஒரு வேலையும் இல்லை.

உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தங்கை மகளுக்குச் சடங்கு என்றால் தாய்மாமன் சீர்த்தட்டோடு வந்து மாலை போட வேண்டும். அவன் வராமல் பெண்ணை மணையில் உட்கார வைக்க மாட்டார்கள். நான் நேரத்துக்கு வரவில்லை. பெண்ணையும் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். ஈ.சி.ஆர். மண்டபத்தில் முந்நூறு பேர் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு மேடையில் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

இதை மன்னிப்புக் கேட்பதற்காக எழுதவில்லை. கோபத்தில்தான் எழுதுகிறேன். யார்மேல் கோபம் என்பதை எழுதி முடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

2

என் மகள் தேன்மொழி இங்கே பிறந்தவள். ஜெர்மன் பாஸ்போர்ட், ஜெர்மன் பள்ளி, ஜெர்மன் கூடைப்பந்து. ஒன்பது வயதில் பக்கத்து கிளப்பில் சேர்த்தேன். அவள் உயரத்துக்கு வேறு என்ன செய்வது என்று தெரியாததால் சேர்த்தேன். அவ்வளவுதான் என் தொலைநோக்கு.

என் பெயர் சற்குணம். அப்பா பெயர் ஏழுமலை. நான் வந்த புதிதில், குடும்பப் பெயர் எங்கே என்று அலுவலகத்தில் கேட்டார்கள். எங்களுக்கு அது கிடையாது, இனிஷியல்தான் என்றேன். அந்த அம்மாள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கடைசியில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எழுதிக்கொண்டாள். அன்றிலிருந்து நான் 'ஹெர் ஏழுமலை', திருவாளர் ஏழுமலை. டாக்டர், வங்கி, போலீஸ் எல்லாருக்கும் நான் என் அப்பாதான்.

அதனால் தேன்மொழியின் சட்டை முதுகிலும் ஏழுமலை என்றே அடித்தார்கள். பதினெட்டு வயதில் அவள் இரண்டாவது லீக் அணிக்குப் போனாள். சனிக்கிழமைகளில் பந்து வளையத்துக்குள் விழும். ஒலிபெருக்கியில் ஒருவன் அவள் பெயரைச் சுருக்கி 'தேனி' என்று கத்துவான். அரங்கத்தில் உள்ள வெள்ளைக்காரக் கூட்டம் முழுக்க 'ஏழுமலை' என்று பதில் சொல்லும். அப்பா குப்பத்தில் ஐஸ் உடைத்துப் படகுகளுக்குப் போட்டுக்கொண்டிருந்த மனிதர். வீட்டில் அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. அவர் பேச்சுக்கு யாரும் எதிர்ப்பேச்சு பேசியதும் இல்லை. அந்தப் பெயரை இத்தனை பேர் கத்துவதைக் கேட்கும்போது முதல் வருடமெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் பெருமையாகவும் இருந்தது.

ஏழு வருடம் ஆடினாள். முழங்கால் தசைநார் முதலில் ஒரு தடவை அறுந்தது. தைத்துக்கொண்டு வந்து ஆடினாள். இரண்டாவது தடவை அறுந்தபோது டாக்டரே வேண்டாம் என்றார். இருபத்தைந்து வயதில் ஆட்டம் முடிந்தது. பிறகு பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் படிப்பைப் படித்து, அதே கிளப்பில் சின்னப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.

3

அவளுடைய கடைசி ஆட்டத்தன்று கிளப்பில் ஒரு வழியனுப்பு விழா வைத்தார்கள். காகிதத் தட்டில் உருளைக்கிழங்கு சாலட்டோடு நின்றுகொண்டு இருந்தேன். அவளுக்குச் சின்ன வயதில் பயிற்சி கொடுத்த பிரிகிட்டே என்கிற அம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். நல்ல பெண்மணி, ஒளிவுமறைவாகப் பேசத் தெரியாதவள்.

"அந்த ஸிக்டுங்குக்கு மட்டும் வந்திருந்தால் இவள் தேசிய அணியில் ஆடியிருப்பாள்" என்றாள். "குடும்ப விழா, வர முடியாது என்று சொல்லிவிட்டாள். பதின்மூன்று வயதுப் பிள்ளையை நான் என்ன சொல்ல?"

தட்டை வைக்க ஒரு இடம் தேடினேன்.

அந்தக் கடிதம் எனக்கு நினைவிருந்தது. நான்தான் உறையைப் பிரித்தேன். ஸிக்டுங் என்று பெரிய எழுத்தில் இருந்தது. ஆலையில் எனக்கு 'ஸிக்ட்ப்ரூஃபுங்' என்று ஒரு வேலை உண்டு. இயந்திரத்தைச் சுற்றி வந்து கண்ணால் பார்ப்பது. எண்ணெய் ஒழுகுகிறதா, பெல்ட் கிழிந்திருக்கிறதா. தாளில் டிக் அடித்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். வாரா வாரம் வரும். இதுவும் அதே ஸிக்ட்தானே என்று நினைத்தேன். யாரோ வந்து பார்ப்பார்கள், டிக் அடிப்பார்கள், அடுத்த மாதம் மறுபடி வருவார்கள்.

"பார்க்கத்தானே கூப்பிடறாங்க? அடுத்த வாட்டி போய்க்கலாம்" என்று தேன்மொழியிடம் சொன்னேன்.

அது பார்ப்பது இல்லை, தேசிய அணிக்குப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுப்பது. அந்த வயதுக்கு ஒரே ஒரு தடவைதான். அவளுக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை என்று பின்னால் கேட்டேன். "ஹால் புடிச்சிட்டேன்னு சொன்னியே" என்றாள்.

ஹால் பிடித்திருந்தேன், உண்மை. அவளுடைய சடங்குக்கு. என் மனைவி சாந்திக்கு அதில் பெரிய விருப்பம் இல்லை. எனக்குத்தான் வெறி. ஊரில் இருந்தால் செய்திருப்போம், இங்கே இருப்பதால் பிள்ளைக்கு எதுவும் குறையக் கூடாது என்று வீம்பு. தாய்மாமன் வேண்டுமே என்று சாந்தியின் தம்பிக்கு விசா போட்டோம். பயணத்தின் நோக்கத்தை விளக்கமாக எழுதச் சொல்லிக் கடிதம் வந்தது. மஞ்சள் நீராட்டு என்பதை ஜெர்மனில் எழுதிப் பாருங்கள். முதல் வரைவைப் படித்த பக்கத்து வீட்டுக்காரர், இதை இப்படியே அனுப்பினால் வீட்டுக்குக் குழந்தைகள் நல அதிகாரி வருவார் என்றார். 'குடும்ப விழா' என்று மாற்றினேன். நோக்கம் தெளிவாக இல்லை என்று விசாவை மறுத்துவிட்டார்கள். கடைசியில் வேறு ஊரில் இருந்த ஒரு தஞ்சாவூர் நண்பர் வாடகை வேட்டியில் வந்து தாய்மாமனாக நின்றார். வீடியோ எடுத்து, கலாவுக்கு அனுப்பிவைத்தேன்.

அந்த வீடியோவில் தேன்மொழி சிரிக்கவே இல்லை. வெட்கம் என்று நினைத்தோம்.

4

பிள்ளைகள் நம்மைவிட்டு விலகிப் போகிறார்கள் என்று வெளிநாட்டில் இருக்கிற எல்லாரும் புலம்புவார்கள். என் பெண்ணும் போனாள். போனது என் ஊருக்கு. ஒன்றரை வருடத்துக்கு முன்னால், ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவள், படூரில் ஒரு அறை எடுத்துத் தங்கிவிட்டாள். அங்கிருந்து ஸ்கூட்டரில் எங்கள் குப்பத்துப் பக்கத்துப் பள்ளிக்கு வருகிறாள். அங்கே ஒரு சிமெண்டு மைதானம், வலை இல்லாத இரண்டு வளையம். பதினொரு பெண்களுக்குப் பயிற்சி.

அவளுக்குத் தமிழ் என் வாயிலிருந்து வந்தது. என் தமிழ் முப்பது வருடத்துக்கு முந்தைய குப்பத்துத் தமிழ். வீட்டில் நான் பேசியதை அப்படியே பிடித்துக்கொண்டாள். முதல் நாள் தலைமையாசிரியரிடம் போய், "இன்னா சார், பந்து எங்க கீது?" என்று கேட்டிருக்கிறாள். விளையாட்டில் எல்லாரையும் ஒருமையில் கூப்பிடுவது ஜெர்மன் பழக்கம். அதையும் சேர்த்துக்கொண்டு பி.டி. வாத்தியாரை 'நீ' என்றாள். வெள்ளைக்கார நாட்டிலிருந்து வருகிறவள் வாயில் இந்தப் பேச்சா என்று ஆசிரியைகள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரித்தார்களாம். குப்பத்துப் பிள்ளைகளோ முதல் நாளே அவளிடம் ஒட்டிக்கொண்டார்கள்.

அந்தப் பதினொரு பேரில் கலாவின் மகள் தர்ஷினியும் ஒருத்தி. பதின்மூன்று வயது. "அவ பந்தப் பாக்க மாட்டா அப்பா. பந்து எங்க வரும்னு பாத்து அங்க போய் நிப்பா. இத நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது" என்று தேன்மொழி போனில் சொன்னாள். தன்னைப் பற்றிக்கூட அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

பிறகு தர்ஷினி பெரியவளானாள். ஒரு மாதம் பயிற்சிக்கு அனுப்பவில்லை. தேன்மொழி போய் வாசலில் உட்கார்ந்து சண்டை போட்டு மீட்டுக்கொண்டு வந்தாள். சடங்கைப் பெரிதாகப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டு, மண்டபம் கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார்கள். பத்து நாள் கழித்து அறிவிப்பு வந்தது. பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான மாவட்டத் தேர்வு, செங்கல்பட்டில், காலை ஏழரைக்கு. அதே ஞாயிறு.

நான் சீரோடு விமானம் ஏறியபோது எனக்கு இந்த விஷயம் தெரியாது. தேன்மொழி விமான நிலையத்தில் வைத்துத்தான் சொன்னாள். அழவில்லை, கெஞ்சவில்லை. "ஸிக்டுங்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

முட்டுக்காடு பாலம் தாண்டியதும் பேனர்கள் ஆரம்பித்தன. பூப்புனித நீராட்டு விழா. தர்ஷினியின் முகம் லாரி அளவுக்கு. முகத்தை வெளுப்பாக்கி, உதட்டில் சாயம் ஏற்றி. கீழே குடும்பத்து ஆண்கள் அத்தனை பேரும் வரிசையாக, கூலிங் கிளாஸோடு. அதில் 'ஜெர்மனி சற்குணம்' என்று நானும். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் உடம்பில் நடந்ததை நாற்கரச் சாலைக்கு அறிவித்துவிட்டு, அதே பிள்ளை முழங்கால் தெரிய ஷார்ட்ஸ் போட்டால் மானம் போகிறது என்று ஊர்க்கூட்டத்தில் பேசுகிற ஆண்கள். வண்டியை நிறுத்தி அதைக் கிழித்திருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

5

சனிக்கிழமை காலை ஆறுமுகத்திடம் பேசினேன். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. சாயங்காலத்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன்.

"சாயங்காலம் அதே மண்டபத்துல வேற பங்ஷன் கீது மச்சான்" என்றார் ஆறுமுகம். "இன்னா பேசற நீ? பத்திரிக்க குட்த்தாச்சி. பந்து இன்னிக்கி ஆடுவா, நாளைக்கி வுட்டுடுவா. சடங்கு ஒரு தபாதான் வரும்."

"செலக்ஷனும் ஒரு தடவைதான் மாப்ள."

"ஜெர்மனிக்காரங்க மாறி பேசிகினு கீறியே. அங்கயே இருந்து இருந்து உனுக்கு எல்லாம் மறந்துப்போச்சி."

கோபம் தலைக்கேறிவிட்டது. இந்த ஆள் தன் பெண்ணின் ஒரு ஆட்டத்தைக்கூடப் போய்ப் பார்த்ததில்லை. பேனர் வைக்க மட்டும் ஆள் சேர்த்தார். கலாவைக் கூப்பிட்டு, நீயாவது சொல்லேன் என்றேன். அவள் கையில் வெற்றிலைக் கட்டோடு நின்றாள்.

"நீ சொல்றியா இத?" என்றாள். "உன் பொண்ணுக்கு நீ ஹால் புடிச்சி, மால போட்டு, பிலிம் எட்த்து எனுக்கு அனுப்பிச்ச. எனுக்கு அப்ப கொயந்தகூட இல்ல. அதப் போட்டுப் போட்டுப் பாத்தேன். ஒரு பொண்ணு பொறந்தா இதே மாறி செய்யணும்னு வேண்டிகினேன். இப்ப வந்து வாணாங்கற."

தேன்மொழி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டு இருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

தர்ஷினி கூடத்தில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பெண் மருதாணி போட்டுக்கொண்டு இருந்தாள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டேன்.

"மருதாணி காஞ்சா பந்து வழுக்காது இல்ல மாமா?" என்றாள்.

அதற்குமேல் யாரிடமும் நான் எதையும் கேட்கவில்லை.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு, ஒப்பனை செய்கிற பெண் வருவதற்கு முன்னால், பிள்ளையைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் வருகிறேன் என்று கலாவிடம் சொன்னேன். தாய்மாமன் கோயிலுக்குக் கூட்டிப் போவதை யார் தடுப்பார்கள்? திருக்கழுக்குன்றம் வழியாகத்தான் செங்கல்பட்டுக்குப் போனோம். கோபுரம் தெரிந்தபோது வண்டியிலிருந்தே மூவரும் கும்பிட்டுக்கொண்டோம். பொய் அந்த அளவுக்குக் குறைந்தது.

நான் ஏன் கூடப் போனேன் என்று பிறகு எல்லாரும் கேட்டார்கள். தேன்மொழி மட்டும் கூட்டிப் போயிருக்கலாமே? போயிருக்கலாம். ஆனால் நான் மண்டபத்தில் இருந்தால், ஆள் அனுப்பிப் பிள்ளையை இழுத்து வந்து சடங்கை நடத்திவிடுவார்கள். நான் இல்லாவிட்டால் இழுத்து வந்தும் பயன் இல்லை. முப்பது வருடத்தில் முதல் தடவையாக அந்த உறவுக்கு ஒரு பலம் இருப்பதாகத் தெரிந்தது. போனை அணைத்துவிட்டேன்.

6

மைதானத்தில் ஒரு மேசை, ஒரு நோட்டு, கழுத்தில் விசிலோடு ஒரு அதிகாரி. பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்று எல்லாவற்றையும் தேன்மொழி பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தாள். படிவத்தில் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து வேண்டும்.

ஜெர்மனியாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கோர்ட்டு முத்திரையோடு காகிதம் காட்டாமல் யார் பிள்ளைக்கும் யாரும் கையெழுத்துப் போட முடியாது.

"நீங்க யாரு சார், அப்பாவா?"

"தாய்மாமன்."

"அப்ப சரி, போடுங்க" என்று பேனாவை நீட்டினார். பிறகு தர்ஷினியின் கையைப் பார்த்தார். "மருதாணிலாம் பலமா கீது. வூட்ல விசேஷமா?"

"சடங்கு. இன்னிக்குத்தான்" என்றேன்.

அவர் என்னையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். நோட்டில் அவள் பெயரை நடுவிலிருந்து அடித்துவிட்டு மேலே எழுதினார். "மொத பேட்ச்ல ஆடட்டும் சார். சீக்கிரம் வுட்டுடறேன்."

எனக்கு அந்த நேரத்தில் அழுகை வந்தது. இதை எழுத வெட்கம் இல்லை.

ஆட்டத்தைப் பற்றி நான் என்ன சொல்ல, எனக்கு ஒன்றும் தெரியாது. தேன்மொழி சொன்னதை மட்டும் என் கண்ணால் பார்த்தேன். பந்து எங்கேயோ இருக்கும், தர்ஷினி வேறு இடத்துக்கு ஓடுவாள். இந்தப் பெண் ஏன் அங்கே ஓடுகிறது என்று நினைப்பதற்குள் பந்து அங்கே வரும். தேன்மொழி எல்லைக்கோட்டுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை கத்தவில்லை. உதட்டைக் கடித்துக் கடித்து ரத்தம் கட்டியிருந்தது. முதல் பேட்ச் சீக்கிரம் முடிந்தாலும், பெயர் வாசிக்கும்வரை பிள்ளை அங்கே இருக்க வேண்டியிருந்தது. மொத்தமும் ஆடி முடிய, பன்னிரண்டு பெயர் வாசிக்க, பத்தே முக்கால். 'ஆ. தர்ஷினி' ஆறாவது பெயர்.

7

மண்டபத்துக்கு வந்து சேரும்போது மணி பன்னிரண்டு அடிக்கப் போகிறது. முகூர்த்தம் போய் ஒன்றரை மணி நேரம். வாசலிலேயே ஆறுமுகம் என் சட்டையைப் பிடித்தார். பெரியவர்கள் விலக்கினார்கள். "தாய்மாமனா இவன்? நாசமாக்கிட்டான்" என்று ஒரு கிழவி சத்தமாகச் சொன்னாள். உள்ளே என் கோபம் நன்றாகக் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. ஒரு ஆள்கூட, ஒரே ஒரு ஆள்கூட, பிள்ளையை எடுத்தார்களா என்று கேட்கவில்லை.

அடுத்த நல்ல நேரம் என்று ஒன்றைப் பஞ்சாங்கத்தில் கண்டுபிடித்தார்கள். வியர்வையைத் துடைத்து, பட்டுச்சேலை கட்டி, தர்ஷினியை உட்கார வைத்தார்கள். மாலை போட்டேன். சீர்த்தட்டை வைத்தேன். கலா என் பக்கம் திரும்பவே இல்லை.

பந்தி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, கை கழுவுகிற இடத்தில் கலா தனியாக நின்றுகொண்டு இருந்தாள். நான் தயாராகப் போனேன். ஸிக்டுங்கைச் சொல்ல வேண்டும், அந்த வீடியோவில் என் பெண் ஏன் சிரிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். உன் பெண்ணுக்காகத்தான் செய்தேன், உனக்கு ஏன் புரியவில்லை என்று நன்றாகக் கேட்டுவிட வேண்டும்.

அவள் குழாயை மூடினாள்.

"எட்த்துகினாங்களா?" என்றாள்.

"எடுத்துட்டாங்க. பன்னெண்டு பேர்ல ஆறாவது."

முந்தானையில் கையைத் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

"நான் எட்டாவது படிக்கறப்ப கோ-கோ ஆடுனேன். ஜில்லாவுக்கு எட்த்தாங்க" என்றாள். "எனுக்கு சடங்கு ஆயி அப்பத்தான் ஒரு மாசம். வூட்ல சொல்லாம ப்ராக்டீஸுக்குப் போய்க்கினு இருந்தேன். நைனா காதுக்குப் போச்சி. ஆள் அனுப்பிச்சாரு. கிரவுண்டு கேட்டாண்ட வந்து, அத்தினி பேர் எதுருல என் கையப் புடிச்சி இஸ்துகினு போயி சைக்கிள்ல ஏத்தனது யாரு?"

அப்பா அனுப்பிய அந்த ஆள் யாராக இருக்கும் என்று யோசித்தேன்.

"நீதாண்ணா."

"எனக்கு ஞாபகம் இல்ல கலா."

"உனுக்கு இன்னாத்துக்கு ஞாபகம் இர்க்கும்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "அதோட பள்ளிக்கூடமும் போச்சி. வண்டில வர்ற வழியெல்லாம் அய்துகினு வந்தேன். நீ ஒரு தபாகூட திரும்பிப் பாக்கல. இன்னிக்கி எம்பொண்ண இட்டுகினு போனியே, நல்லதுதான். நான் உன்ன ஒண்ணும் சொல்லல. ஆனா எங்கிட்ட பேசாத. கொஞ்ச நாளைக்கி எங்கிட்ட பேசாத."

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து முதல் வருடம். அப்பா பேச்சைத் தட்டாத நல்ல பிள்ளை. மூன்று வாரமாக ஆலைக்குப் போகிற பஸ்ஸிலும், இயந்திரத்தைச் சுற்றி வரும்போதும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அந்த சைக்கிள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பச்சை நிறம், செங்கல்பட்டில் வாங்கியது. செயின் கவர் ஆடும், பெல் மேல்மூடி இருக்காது, கேரியரில் ஒரு பக்கம் கம்பி வளைந்திருக்கும். ஒவ்வொரு திருகாணியையும் என்னால் சொல்ல முடியும். அந்தக் கேரியரில் உட்கார்ந்து ஒரு பெண் அழுதுகொண்டு வந்தாள் என்பது மட்டும், எத்தனை முறை யோசித்தாலும், எனக்கு நினைவுக்கு வரவில்லை.